போதைப்பொருள் சட்டமும் சிறைவாசத்தின் விலையும்

இந்தியாவில் போதைப்பொருள் குற்றங்களுக்கான தண்டனையை 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் கடுமையாக்கியது. வன்முறையில் ஈடுபடாத சிறு குற்றவாளிகள் நெடுங்காலம் சிறையிலிருக்க இச்சட்டம் வழிவகுத்தது.

பின்னணி

1893இல் ஆங்கிலேய அரசு கஞ்சா பயன்பாட்டை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. முழுத் தடை தேவையில்லை, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தலாம் என்பது அதன் முடிவு. பின்னர் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. அதன் தொடர்ச்சியாக வந்த புதிய சட்டம் 1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது.

அளவு பாராத தண்டனை

அபின், ஹெராயின் ஆகியவற்றுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறையும் 1 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. கஞ்சாவுக்கு 5 ஆண்டு வரை சிறை. சொந்தப் பயன்பாட்டுக்கான சிறிய அளவுக்குத் தண்டனை குறைவு. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கே என்பதைப் பிடிபட்டவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாதவர், சில கிராம் ஹெராயின் வைத்திருந்தாலும், பெரிய கடத்தல்காரருக்குரிய 10 ஆண்டுத் தண்டனைக்கு ஆளானார்.

தீர்ப்புக்கு முன்பே சிறை

1989ஆம் ஆண்டுத் திருத்தம் பிணை பெறுவதை அரிதாக்கியது. விசாரணை முடியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டனர். 10 ஆண்டுக் குறைந்தபட்சத் தண்டனைக்குரிய வழக்குகளில் 5 ஆண்டுகள் சிறையில் கழித்த விசாரணைக் கைதிகளைப் பிணையில் விடுமாறு 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கும் 1 இலட்சம் ரூபாய்ப் பிணைப் பத்திரமும் இருவர் ஜாமீனும் வேண்டியிருந்தன. கூலி வேலை செய்பவருக்கு அதுவே மற்றொரு பூட்டு.

2001ஆம் ஆண்டுத் திருத்தம்

2001இல் சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்கு இன்றும் குறைந்தது 10 ஆண்டுகள். மூட்டையின் உரிமையாளருக்கும் கூலிக்குச் சுமந்தவருக்கும் அந்தக் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே.

யார் தரும் விலை?

கைதியின் உணவு, காவல், மருத்துவம் ஆகியவை அரசின் செலவு. இழந்த கூலி, வழக்குச் செலவு, பிள்ளைகளின் நின்றுபோன படிப்பு ஆகியவை எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரில் வாழும் ஒரு குடும்பம், பிணைக்காக உயர் நீதிமன்றத்தை நாட வேண்டுமானால் மதுரைக் கிளைக்குத்தான் செல்ல வேண்டும். பின்னர் விடுதலையே கிடைத்தாலும், சிறையில் கழிந்த ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.