பயிர் வளர்ச்சியை அளந்த கதை

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் நாட்டு வழக்கு. எனினும் முளை ஒரு நாழிகையில் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து காண முயன்றோர் சென்ற முந்நூறு ஆண்டுகளில்தான் தோன்றினர்.

இங்கிலாந்துப் பாதிரியாரான ஸ்டீவன் ஹேல்ஸ் 1727-இல் வெளியிட்ட நூலில் எளிய முறை ஒன்றைக் கூறினார். ஊசிகளைக் கால் அங்குல இடைவெளியில் வரிசையாகப் பொருத்தி, முனைகளைச் செஞ்சாயத்தில் தோய்த்து, திராட்சைக் கொடியின் தண்டிலே புள்ளிகள் குத்தினார். கொடி வளர்ந்தபின் நோக்கினால், முதிர்ந்த பகுதியில் புள்ளிகள் சிறிதே விலகியிருந்தன. இளம் பகுதியிலோ பெரிதும் விலகியிருந்தன. வளர்ச்சி எங்கே நிகழ்கிறது என்பது இவ்வாறு புலனாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பேராசிரியர் யூலியஸ் ஸாக்ஸ், செடியின் நுனியில் நூலைக் கட்டி, அதை உருளைமேல் செலுத்தி, புகையூட்டிய தாளில் முள் கோடு வரையுமாறு ஒரு கருவி அமைத்தார். எனினும் இத்தகைய கருவிகள் வளர்ச்சியைச் சுமார் இருபது மடங்கே பெருக்கிக் காட்டின. ஒரு மாறுதலைக் காணப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இக்குறையை நீக்கப் புகுந்தவர் கல்கத்தாவின் ஜகதீச சந்திர போஸ். செடியின் வளர்ச்சி சராசரியாக ஒரு விநாடிக்கு அங்குலத்தில் இலட்சத்தில் ஒரு பங்கு என்று அவர் கணித்தார். சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியலை ஒன்றின் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான் இது! இதைக் கண்ணுக்குக் காட்ட அவர் அமைத்த கிரெஸ்கோகிராப் என்னும் கருவியில் இரண்டு நெம்புகோல்கள் உண்டு. முதலாவது நூறு மடங்கு பெருக்க, இரண்டாவது அதனை மேலும் நூறு மடங்கு பெருக்கும். ஆகப் பதினாயிரம் மடங்கு. உரமோ மருந்தோ இட்டால் செடி அதனை ஏற்கிறதா என்பதைக் கால் மணி நேரத்துக்குள் அறியலாம் என்றார் போஸ். அறுவடை வரை காத்திருக்கும் உழவனுக்கு இச்செய்தியின் அருமை தெரியும்.

பின்னர்க் காந்தவிசையைத் துணைக்கொண்டு ஒரு கோடி மடங்கு வரை பெருக்கினார். லண்டனில் ஐயம் கிளம்பிற்று. அறிஞர் குழுவின் முன்னிலையில் செய்துகாட்டிய பின், ராலே, பெய்லிஸ் முதலியோர் கையொப்பமிட்டு, அப்பதிவுகள் சரியானவையே என்று 1920 மே மாதத்தில் ‘டைம்ஸ்’ இதழில் எழுதினர். செடியின் உணர்ச்சி பற்றிய அவருடைய கொள்கைகளுள் சில அறிஞரிடையே விவாதத்துக்கு உரியனவாகவே இருந்தன. கருவியின் நுட்பத்தை அவ்விவாதத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுதல் நேர்மையன்று என்பதே நம் கருத்து.

ஆயினும் போஸ் அளந்தது நீளம் ஒன்றே. இலைப்பரப்பும் கிளைகளின் விரிவும் முள் வரையும் கோட்டில் அடங்கா. அவற்றை அறிய வேண்டின் செடியைப் பிடுங்கி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. நிறுத்த செடி மறுநாள் வளருமா? ஒரே செடியை இரண்டாம் முறை அளக்க வழியில்லை என்பதே அம்முறையின் பெருங்குறை.

அதற்கு மாற்று நிழற்படத்தில் கிட்டியது. லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் பெப்பர் என்னும் தாவர நூலார் 1898 முதல் 1900 வரை செடிகளை இடைவிட்டுப் படமெடுத்து, வேகமாக ஓட்டிக் காட்டினார். ஆனால் தட்டையான படத்தில் ஓர் இலை மற்றோர் இலையை மறைத்துவிடும். ஆகவே இன்று பல திசைகளிலிருந்து படமெடுத்தோ லேசர் கதிரை ஓட்டியோ, செடியின் மேற்பரப்பைப் பல்லாயிரம் புள்ளிகளாகக் கணிப்பொறியில் அமைக்கின்றனர். நீளம், அகலம், உயரம் மூன்றும் அதில் கிடைக்கும். நேற்றைய உருவத்தையும் இன்றைய உருவத்தையும் ஒப்பிட்டால், எந்த இலை எவ்வளவு விரிந்தது என்பது செடியைத் தொடாமலே விளங்கும். மண்ணுள் மறைந்த வேரையும் எக்ஸ் கதிரால் இவ்வாறே உருவமைக்கின்றனர்.

புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் 2017-இல் நானாஜி தேஷ்முக் பெயரால் இத்தகைய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. தொட்டிச் செடிகள் நகரும் பட்டையில் ஏறிச் சென்று, மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் படமெடுக்கப்படுகின்றன. நீர் குறையும்போது எந்த இரகம் முதலில் வளர்ச்சியை நிறுத்துகிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று நாள்தோறும் கண்டு, வறட்சி தாங்கும் வித்துக்களைத் தேர்வதே நோக்கம். கண்ணாடி வீட்டில் எளிதான இவ்வேலை, வயல்வெளியில் அரிதாகிறது. காற்று வீசியதும் இலைகள் அசைந்து, புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகின்றன.