காப்பிக்கு வெந்நீர்

வீட்டில் காப்பி தயாரிக்கும் மின்சார இயந்திரத்தை முதன்முதலாகக் காண்பவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. தொட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றி விசையை அழுத்துகிறோம். ஓரிரு நிமிடங்களுக்குள் உள்ளிருந்து ‘குடுகுடு’ என்று ஓர் ஒலி கேட்கிறது. உடனே ஆவி பறக்கும் வெந்நீர் காப்பித் தூளின்மீது சொட்டத் தொடங்குகிறது. அதே அளவு நீரைப் பாத்திரத்தில் விட்டு அடுப்பில் ஏற்றினாலோ, அது கொதி காணும்வரை நாம் கைகட்டிக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. அடுப்பில் இருப்பதைவிட இந்தச் சிறிய பெட்டிக்குள் தீ மிகுதியாக இருக்கிறதா என்றால், இல்லை. பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. அப்படியானால் இந்த விரைவு எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண முயல்வோர் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

முதலில் நீரின் பிடிவாதத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒரே அளவு வெப்பத்தைக் கொடுத்தாலும் எல்லாப் பொருள்களும் ஒரே அளவு சூடேறுவதில்லை என்பதை 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர் தெளிவுபடுத்தினார். இரும்பு எளிதில் சூடேறிவிடும். நீரோ அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்பது மடங்கு வெப்பத்தைக் கேட்கும். ஒரு லிட்டர் நீரை 20 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 95 டிகிரிக்கு உயர்த்த 75 கிலோ கலோரி வெப்பம் தேவை. 1,000 வாட் மின்சாரம் ஒரு நிமிடத்தில் தரவல்லது 14 கிலோ கலோரிக்குச் சற்றே மேல். ஆகவே ஒரு துளி வெப்பமும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை எந்தப் பொறியாளராலும் ஏமாற்ற முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

வெந்நீரின் வரலாற்றிலும் காப்பியின் வரலாற்றிலும் ஒருங்கே இடம்பெற்ற மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் 1753-இல் பிறந்து, பின்னர் பவேரிய அரசின் பணியில் சேர்ந்து, ரம்போர்டு பிரபு என்னும் பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சனே அவர். மியூனிக் நகரத்து ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உலோகம் கைபொறுக்காத சூடு கொள்வதை அவர் கண்டார். இந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்பி, மழுங்கிய துளைக்கருவி ஒன்றைப் பொருத்தி, உலோக உருளையைச் சுற்றி நீர் நிறைந்த மரப்பெட்டி ஒன்றையும் அமைத்தார். குதிரைகள் இயந்திரத்தைச் சுழற்றின. பெட்டியில் இருந்தது ஏறத்தாழ எட்டரைக் கிலோ நீர். இரண்டரை மணி நேரம் கழிந்தபோது, தீ என்பதே இல்லாமல் அந்த நீர் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் வியப்பில் ஆழ்ந்தனர் என்றும், தாமும் ஒரு குழந்தையைப் போல் மகிழ்ந்ததாகவும் அவர் 1798-இல் வெளியான கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே கட்டுரையில், வெந்நீர்தான் வேண்டுமென்றால் குதிரைக்குப் போடும் தீனியை அடுப்பில் இட்டு எரிப்பதே சிக்கனம் என்று அவர் குறிப்பிட்டிருப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. விஞ்ஞானிகளுள் இத்தகைய நகைச்சுவை உடையவர் சிலரே.

அவர் தந்துள்ள அளவுகளிலிருந்து கணக்கிட்டால், உலோகத்தில் ஏறிய வெப்பத்தையும் சேர்த்து, அந்தக் குதிரைகளின் உழைப்பு அரைக் கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட அடுப்பாக விளங்கியது தெரியவரும். இன்று சமையலறையில் நிற்கும் காப்பி இயந்திரத்தின் ஆற்றல் இதைப்போல் இருமடங்குதான் இருக்கும்!

இதே ரம்போர்டு 1812-இல் காப்பியின் சிறப்பையும் அதைத் தயாரிக்கும் முறையையும் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று எழுதினார். காப்பித் தூளை நீரிலிட்டுக் கொதிக்க வைப்பது அக்காலத்து ஐரோப்பிய வழக்கம். கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு அகன்றுவிடும் என்று அவர் எச்சரித்தார். நீர் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்க வேண்டும். ஆனால் தூளோடு சேர்ந்து கொந்தளிக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பாரிஸ் பேராயர் டெ பெல்லாயின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் வடிகட்டும் பாத்திரம் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியிருந்தது. மேலடுக்கில் தூள், கீழடுக்கில் இறங்கும் சாறு என்னும் அந்த அமைப்பை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பித்தளைப் பில்டரும் அமைப்பால் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இத்தகைய பாத்திரம் நீரைச் சூடாக்குவதில்லை. வேறோர் அடுப்பில் முழு நீரும் கொதித்த பிறகே அதன் வேலை தொடங்கும். காத்திருப்பு முழுவதும் அடுப்பங்கரையிலேயே இருந்தது.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வழியின் முதல் விதை 1819-இல் பாரிஸில் விழுந்தது. லோரான் என்னும் தகரத் தொழிலாளி, நீர் கொதித்து ஒரு குழாயின் வழியே தானே மேலேறித் தூளின்மீது விழுமாறு ஒரு பாத்திரத்தை அமைத்தார். பெர்க்கொலேட்டர் என்று பின்னர் உலகெங்கும் வழங்கிய பாத்திரத்தின் மூதாதை இது. நீர் தானே மேலேறுவது எப்படி? பாத்திரத்தின் அடியில் தோன்றும் ஆவிக் குமிழிகள் குழாய்க்குள் புகுகின்றன. குமிழியும் நீரும் கலந்த நிரல், வெளியே உள்ள வெறும் நீரைவிட இலேசானது. ஆதலால் கனமான நீர் கீழிருந்து தள்ள, இலேசான நீர் மேலே எழும்பி வழிகிறது. சுழலும் சக்கரமோ அசையும் உறுப்போ இல்லாத ஒரு நீரேற்றம் இது. அமெரிக்காவில் ஹான்சன் குட்ரிச் என்னும் இல்லினாய் மாநிலத்து விவசாயி 1889-இல் காப்புரிமை பெற்ற பாத்திரம் இந்த முறையை எளிய குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. அடுப்பின்மீது வைக்கும் இந்தப் பாத்திரங்களிலும், நீர் நன்கு சூடேறிய பின்னரே குமிழி எழும். விரைவு இன்னும் வரவில்லை.

அதைக் கொண்டு வந்தது மின்சாரம். கம்பியில் மின்சாரம் ஓடும்போது பிறக்கும் வெப்பத்தின் கணக்கை ஜேம்ஸ் ஜூல் 1840-லேயே கண்டறிந்திருந்தார். ஆனால் செம்மண்ணிறமாகப் பழுத்தபடி நாள்தோறும் எரிந்தும் அழியாத கம்பி கிடைக்க மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து நிக்ரோம் என்னும் உலோகக் கலவையை ஆக்கி, 1906-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சூடேறும்போது இக்கலவையின்மேல் படியும் குரோமிய ஆக்சைடு கவசம் போல் நின்று, மேலும் காற்றுப் பட்டுக் கெடாமல் காக்கிறது. இஸ்திரிப் பெட்டி முதல் மின்னடுப்பு வரை வீட்டில் வெப்பம் தரும் கருவிகளுக்கெல்லாம் இந்தக் கம்பியே உயிராயிற்று.

அடுப்பின் நெருப்பைப் பாத்திரத்தின் அடி முழுவதும் பரவவிடாமல் ஓரிடத்தில் ஒடுக்குவது கடினம். மின்கம்பியை நாம் விரும்பிய இடத்தில் அடக்கிவைக்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர்கள் இந்த வசதியைக் கண்டுகொண்டனர். மின்சாரப் பெர்க்கொலேட்டரின் அடியில் சிறு கிண்ணம் போன்ற ஒரு குழியை அமைத்து, கம்பியின் வெப்பம் முழுவதையும் அக்குழியிலுள்ள சிறிதளவு நீருக்கே கொடுத்தனர். மேலே நிற்கும் நீர் குளிர்ந்திருக்க, குழியிலுள்ள நீர் மட்டும் விரைவில் கொதித்துக் குழாயில் ஏறியது. அதன் இடத்திற்கு மற்றொரு வாய் நீர் இறங்கியது. நான் அறிந்தவரை, விரைவின் இரகசியம் முழுவதும் இதுதான். தீயை மிகுத்தவர்கள் அல்லர் அவர்கள். ஒரு நேரத்தில் தீயின் முன் நிற்கும் நீரைக் குறைத்தவர்கள். மொத்த நீரும் சூடேற ஆகும் நேரம் குறையவில்லை. ஆனால் சூடேறும் நேரமும் காப்பி வடியும் நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக வராமல் ஒன்றாகவே நடந்தேறின.

இவ்வளவு நேர்த்தியான உபாயம் காப்பிக்குத் தீங்காக முடிந்தது. பெர்க்கொலேட்டரில் மேலே ஏறி வழிந்த நீர் தூளின் ஊடே இறங்கி, மீண்டும் அதே பாத்திரத்தில் சேர்கிறது. இரண்டாம் சுற்றில் ஏறுவது நீரன்று, காப்பி. அது மறுபடி கொதித்து, மறுபடி தூளின்மேல் விழுந்து, கசப்பையெல்லாம் திரட்டிக்கொண்டு இறங்குகிறது. ரம்போர்டு எதைச் செய்யாதே என்றாரோ அதையே ஓயாமல் செய்யும் இயந்திரம் அது. சமையலறை முழுதும் மணம் கமழ்கிறதே என்று மக்கள் மகிழ்ந்தார்கள். குவளையில் இருக்க வேண்டிய மணம் அறையில் இருந்தது என்பதே உண்மை.

இதற்கு மாற்று ஜெர்மனியில் உருவாயிற்று. டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசியான மெலிட்டா பென்ட்ஸ், தம் மகனது பள்ளி நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் இட்டுக் காப்பியை வடித்த நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1908-இல் அவர் தம் வடிகட்டிக்குப் பதிவுரிமை பெற்றார். நீர் தூளின் ஊடே ஒரேயொரு முறை செல்லும் இந்த முறையையும், பெர்க்கொலேட்டரின் நீரேற்றத்தையும் இணைத்தால் என்ன? கோட்லோப் விட்மன் என்னும் ஜெர்மானியர் 1954-இல் காப்புரிமை பெற்ற ‘விகோமாட்’ என்னும் இயந்திரம், தானே நீரைச் சூடாக்கித் தானே வடிக்கும் முதல் வீட்டு மின்சார இயந்திரமாகக் கருதப்படுகிறது. பெயரில் அவர் தம் பெயரையே சுருக்கி ஒளித்துவைத்திருக்கிறார். அமெரிக்கக் குடும்பங்களில் இவ்வகை இயந்திரத்தைப் பரப்பியது, 1972-இல் கிளீவ்லண்டு நகரிலிருந்து வெளிவந்த ‘மிஸ்டர் காப்பி’. வின்சென்ட் மரோட்டா, சாமுவேல் கிளேசர் என்னும் இரு நண்பர்கள் நடத்திய தொழில் அது. பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ அதற்காகத் தொலைக்காட்சியில் தோன்றினார். சில ஆண்டுகளில் பெர்க்கொலேட்டர் பரண் ஏறியது.

பழுதுபட்ட வடிப்பு இயந்திரம் ஒன்றை ஒருமுறை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கும் என்று எண்ணியவனுக்கு ஏமாற்றம்தான். குதிரை லாடம் போல் வளைந்த ஓர் அலுமினியக் குழாய். அதனோடு ஒட்டியபடி, மக்னீசியம் ஆக்சைடு பொடியில் புதைந்த நிக்ரோம் கம்பியைத் தாங்கிய மற்றொரு குழாய். இரண்டு ரப்பர்க் குழாய்கள். அவற்றுள் ஒன்றில் நீர் பின்னே திரும்பாதபடி தடுக்கும் சிறு கதவம். அவ்வளவே. அந்தப் பொடி வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. தொட்டி நீர் தன் கனத்தால் இறங்கி லாடக் குழாயில் நிறைகிறது. அங்கு ஒரு நேரத்தில் நிற்பது சில வாய் நீரே. அது கொதித்ததும் குமிழிகள் பின்னே செல்லக் கதவம் இடம் கொடாமையால், வெந்நீரை ஏந்திக்கொண்டு முன்னே பாய்கின்றன. நாம் கேட்ட ‘குடுகுடு’ ஒலி இதுதான். லாடத்தின் முதுகு, காப்பிக் குடுவை அமரும் தட்டையும் சூடாக வைக்கிறது. தொட்டி வற்றியதும் குழாயின் சூடு ஏறும். உடனே வெப்பக் காப்பான் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஒரு கம்பி எத்தனை வேலை செய்கிறது!

லோரானின் குழாயும் அமெரிக்கரின் குழியும் இங்கே மீண்டும் வந்திருப்பதைக் காணலாம். வேறுபாடு ஒன்றே: ஏறிய நீர் பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை.

எனினும் விரைவு இலவசமாக வருவதில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஏர்னஸ்ட் லாக்கார்ட், 1950-களில் அமெரிக்கக் காப்பித் தயாரிப்பு ஆய்வு நிறுவனத்தின் சார்பில் ஆராய்ந்து, தூளின் எடையில் 18 முதல் 22 விழுக்காடு வரை நீரில் கரைவதே நல்ல காப்பி என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு நீர் 92 முதல் 96 டிகிரிவரை இருக்க வேண்டும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் அளவு. குமிழி இயந்திரத்திலோ, முதலில் ஏறும் நீர் குளிர்ந்த குழாய்களைக் கடந்து வருவதால் சூட்டில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஆற்றல் குறைந்த மலிவான இயந்திரங்களில் காப்பி சப்பென்று இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தூளைக் குறை சொல்லிக் கடை மாற்றுவோர் பலர். கம்பியின் வாட்டைப் பார்ப்போர் சிலர்.

வாட்டைக் கூட்டினால் போகாதா என்று கேட்கலாம். சுவரில் உள்ள மின்செருகி இடம் தராது. அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். 15 ஆம்பியர் செருகியிலிருந்து பெறத்தக்கது மிகுந்தால் 1,800 வாட். ஒன்றரை லிட்டர் நீரை மூன்று நிமிடத்தில் சூடாக்க 2,600 வாட் வேண்டும். ஆயினும் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் ஒரு குடுவை காப்பியை வடித்துவிடும் வீட்டு இயந்திரத்தை இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டைச் சேர்ந்த பன் நிறுவனம் விற்றது. கணக்கை ஏமாற்ற முடியாது என்று முன்பு சொன்னேன், அவர்களும் ஏமாற்றவில்லை. அதனுள் உள்ள தொட்டியில் எந்நேரமும் வெந்நீர் தயாராக நிற்கிறது. மேலே நாம் ஊற்றும் குளிர்ந்த நீர் தொட்டியின் அடிக்குச் சென்று, மேலிருக்கும் வெந்நீரைத் தூளின்மீது தள்ளுகிறது. காத்திருப்பை நாம் தூங்கும்போதே இயந்திரம் முடித்துவைத்திருக்கிறது. அதற்கான மின்கட்டணமும் நாம் தூங்கும்போதே ஏறியிருக்கும்.

இத்தாலியர் வேறு வழி சென்றனர். 1933-இல் அல்போன்சோ பியாலெட்டி வெளியிட்ட மோக்கா என்னும் எண்கோணப் பாத்திரத்தில் ஆவியின் அழுத்தமே நீரைத் தூளின் ஊடே மேலேற்றுகிறது. நீரின் அளவே சிறிதாகையால் நேரமும் சிறிது. பின்னர் வந்த வீட்டு எஸ்பிரஸ்ஸோ இயந்திரங்கள் பலவற்றில், நெளிந்து செல்லும் நுண்வழியைக் கொண்ட உலோகக் கட்டி ஒன்று முதலில் சூடேற்றப்படுகிறது. பம்பு தள்ளும் நீர் அதனூடே ஓடும்போதே வெந்நீராகிவிடுகிறது. இதிலும் சிறிது சிறிதாகச் சூடாக்கும் அந்தப் பழைய உபாயமே வேலை செய்கிறது.

இனி, ஒரு நடைமுறைச் செய்தி. உப்பு மிகுந்த கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றப்படும் இயந்திரத்தில், நாளடைவில் லாடக் குழாயின் உட்புறம் சுண்ணாம்பு படிகிறது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் விடாது, வழியையும் குறுக்கிவிடும். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்த வேலை பத்து நிமிடம் இழுக்கும். ஒலியும் கரகரப்பாக மாறும். வினிகரும் நீரும் சம அளவு கலந்து தொட்டியில் ஊற்றி, பாதி வடிந்ததும் நிறுத்தி, அரைமணி ஊறவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். பிறகு வெறும் நீரை இருமுறை ஓட்டினால் புளிப்பு வாசனை போய்விடும். பழைய ‘குடுகுடு’ ஒலியும் திரும்பக் கேட்கும்.