தீயில் தப்பிய பேரேடுகள்

வீடு, மனை வாங்கவும் விற்கவும் இணையம் வழியாக உதவுகிற புது நிறுவனங்கள் பெங்களூரிலும் சென்னையிலும் நிறைய வந்துவிட்டன. அவற்றில் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்டர்ன்களாகச் சேருகிறார்கள். டெக்னாலஜி கம்பெனி என்று நம்பிப் போகிறவரின் மேசைக்கு முதல் நாளே வந்து சேர்வது ஒரு கட்டுப் பழைய காகிதம்தான்! கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று. இவரிடம் அவர் வாங்கினார், அவரிடம் இன்னொருவர் வாங்கினார் என்று 30 வருடச் சங்கிலியை வரிசையாகக் கோர்த்து, எங்காவது ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் சிவப்பு மையில் குறிக்க வேண்டும்.

(அது ஏன் 30 வருடம்? அடமானத்தை மீட்க வழக்குப் போடுவதற்கு 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 வருடம். அரசாங்கம் தன் நிலத்தைக் கேட்டு வழக்குப் போடவும் அதே 30 வருடம். வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.)

இந்த வேலை நேற்று முளைத்தது இல்லை. சட்ட அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்த ஓர் இளைஞனும், சொத்து விவரங்களை விற்கும் ஒரு புதுக் கம்பெனியும் சேர்ந்த கதை 1847இலேயே நடந்திருக்கிறது. ஊர் சிகாகோ.

அப்போது சிகாகோ ஒரு நகரமாகப் பதிவாகிப் பத்து வருடம்தான் ஆகியிருந்தது. 1840இல் மக்கள்தொகை நாலாயிரத்து சொச்சம். 1850இல் கிட்டத்தட்ட 30,000. 1870இல் 3 லட்சத்தை நெருங்கிவிட்டது. 1848இல் இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறந்தது, பிறகு ரயில் வந்தது. இப்படி வளரும் ஊரில் மனை எத்தனை கை மாறும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பத்திரம், ஒவ்வொரு பத்திரத்துக்கும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில் ஒரு நகல்.

பிரச்சினை அந்த நகல்களில்தான். அமெரிக்கப் பதிவு அலுவலகங்களில் பத்திரங்கள் வந்த வரிசையிலேயே புத்தகத்தில் ஏறும். அவற்றைத் தேட இருந்த அட்டவணையோ பெரும்பாலும் ஆள் பெயரை வைத்தது, அதாவது விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர். ஒரு மனையின் கதை தெரிய வேண்டுமானால் இன்றைய உரிமையாளர் பெயரில் ஆரம்பித்து, அவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று ஒவ்வொரு பெயராகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒருவர் பெயரை வேறு எழுத்தில் எழுதியிருந்தால் அன்றைய பொழுது போச்சு.

எட்வர்ட் ரக்கர் என்ற இளைஞர் அங்கே வழக்கறிஞர் அலுவலக எழுத்தர். அவர் செய்தது மிக எளிமையான காரியம். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதை விட்டுவிட்டு, நிலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். அந்த மனையைத் தொடும் எந்தப் பத்திரம் வந்தாலும், விற்பனையோ அடமானமோ, அந்தப் பக்கத்தில் ஒரு வரி ஏறும். பி.காம். படிக்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். அரசாங்கம் வைத்திருந்தது குறிப்பேடு, ரக்கர் போட்டது பேரேடு. தேதி வாரியாகக் கிடந்த பதிவுகளை ஒவ்வொரு மனையின் கணக்குக்கும் எடுத்து எழுதினார், அவ்வளவுதான். ஆனால் குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடனாளியின் பாக்கியைச் சொல்லச் சொன்னால் எப்படித் திணறுவோம்? அந்தத் திணறலிலிருந்து ஊரையே காப்பாற்றிய யோசனை அது. ஓரிரு வருடங்களில், நில வியாபாரமும் வரைபடத் தொழிலும் தெரிந்த ஜேம்ஸ் ரீஸ் என்பவருடன் சேர்ந்து இதையே தொழிலாக்கினார் ரக்கர். கட்டணம் கொடுத்தால் உங்கள் மனையின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தருவார்கள்.

இதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். 1871 வாக்கில் சிகாகோவில் இப்படி மூன்று முக்கியமான நிறுவனங்கள் இருந்தன: சேஸ் பிரதர்ஸ், ஷார்ட்டால் அண்ட் ஹோர்ட், ஜோன்ஸ் அண்ட் செல்லர்ஸ். இத்தொழிலில் எழுத்தர்களின் அன்றாட வேலை, அன்றன்றைக்குப் பதிவான பத்திரங்களின் விவரத்தைக் குறித்துக்கொண்டு வந்து தங்கள் பேரேட்டில் ஏற்றுவது. சலிப்பான வேலை. அதன் மதிப்பு யாருக்கும் தெரிந்திருக்காது.

1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. சிகாகோ பெருந்தீ. இரண்டு நாளில் சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. நீதிமன்றக் கட்டடமும் எரிந்தது. நள்ளிரவு தாண்டி அதன் கோபுர மணியே கீழே விழுந்தது. உள்ளே இருந்த குக் கவுண்டியின் பத்திரப் பதிவுகள் அத்தனையும் போயின. வீட்டில் வைத்திருந்த அசல் பத்திரங்களும் பலருக்கு அதே தீயில் போய்விட்டன.

வீடு எரிந்தால் நிலமாவது மிஞ்சும். அந்த நிலம் தன்னுடையது என்று சொல்லும் காகிதமும் இல்லை என்றால்? திரும்பக் கட்டக் கடன் வேண்டும், கடனுக்கு அடமானம் வேண்டும், அடமானத்துக்கு உரிமை தெரிய வேண்டும். ஒரு நகரமே இந்த முடிச்சில் மாட்டிக்கொண்டது.

அந்த இரவில் ஜான் ஷார்ட்டால் தன் அலுவலகத்துக்கு ஓடிப்போய்ப் பேரேடுகளை வெளியே எடுத்தார். சுமக்க வண்டி இல்லை. போன ஒரு சரக்கு வண்டியைத் துப்பாக்கியைக் காட்டி நிறுத்தித்தான் புத்தகங்களை ஏற்றினார்கள் என்பது அந்த ஊரில் சொல்லப்படும் கதை. நகையை, கம்பளத்தை எல்லாம் காப்பாற்ற ஜனங்கள் முட்டி மோதிய தெருவில் கணக்குப் புத்தகத்துக்குத் துப்பாக்கி எடுத்த ஆள்! (இதே ஷார்ட்டால்தான் பின்னாளில் மிருகவதைத் தடுப்பு இயக்கத்தில் பெயர் வாங்கினார்.) மற்ற இரண்டு நிறுவனங்களும் தங்களால் முடிந்ததைக் காப்பாற்றின. யாரிடமும் முழுத் தொகுப்பு இல்லை. மூவரிடம் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தபோது சங்கிலி கிட்டத்தட்ட முழுமையாக இருந்தது.

1872இல் இல்லினாய் சட்டமன்றம் எரிந்த ஆவணங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. அசல் அழிந்துவிட்டால், தீக்கு முன்பு வழக்கமான தொழில் முறையில் எழுதப்பட்ட தனியார் சுருக்கங்களை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. எழுத்தர்கள் சலித்துக்கொண்டே எழுதிய வரிகள் ஒரு நகரத்தின் சொத்துரிமைக்கு ஆதாரமாகிவிட்டன. மூன்று நிறுவனங்களின் புத்தகங்களும் ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு சிகாகோ டைட்டில் அண்ட் டிரஸ்ட் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தன. மகிழ்ச்சியான முடிவு மாதிரி தெரிந்தாலும் இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. அரசிடம் பதிவு இல்லை, தனியாரிடம் மட்டும் இருக்கிறது. உங்கள் சொத்து உங்களுடையதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரு கம்பெனியின் வாசலில் நிற்க வேண்டும்.

சரி, அந்த எழுத்தர் தப்பாக எழுதிவிட்டால் யார் பொறுப்பு? இதற்கு 1868இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஒரு விடை சொன்னது. வாட்சன் எதிர் முயர்ஹெட் என்ற வழக்கு. நிலத்தைச் சோதித்துக் கொடுத்தவர் ஒரு கடன் தீர்ப்பைக் கவனித்திருக்கிறார். வழக்கறிஞரைக் கேட்டார். அது இந்த நிலத்தைக் கட்டாது என்றார் வழக்கறிஞர். நம்பி, வில்லங்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அது கட்டும் என்று பிறகு ஆனது, வாங்கியவருக்கு நஷ்டம். சோதித்தவர் அஜாக்கிரதையாக இல்லை, ஆகவே பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். யார் மேலும் தப்பில்லை, ஆனால் வாங்கியவர் பணம் போயே போச்சு. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1876இல் பிலடெல்பியாவில் உரிமைக் காப்பீட்டுக் கம்பெனி என்ற புது ஜந்து பிறந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. ராபர்ட் டாரன்ஸ் 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்தது. அதில் பத்திரத்தை இல்லாமல் உரிமையையே அரசு பதிவு செய்யும், அதற்கு உத்தரவாதமும் தரும். சங்கிலியைப் பின்னோக்கித் தேடும் வேலையே கிடையாது. இல்லினாயும் 1897இல் இதைச் சட்டமாக்கியது. கட்டாயமாக்காததால் பெரும்பாலோர் பழைய வழியிலேயே போனார்கள். 1990களில் அதையும் மூடிவிட்டார்கள்.

நம் ஊர் நடுவில் எங்கோ நிற்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் நான்கு அட்டவணைகளை வைக்கச் சொல்கிறது; அவற்றில் முதலாவது ஆள் பெயருக்கு, இரண்டாவது சொத்துக்கு. ரக்கர் தனியாராகச் செய்ததைச் சார்பதிவாளர் அலுவலகம் சட்டப்படியே செய்கிறது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. நம் வில்லங்கச் சான்று அதிலிருந்து வருவதுதான். தமிழ்நாட்டில் 2000இல் ஸ்டார் திட்டம் வந்து இது கணினிக்குப் போனது, 2018இல் ஸ்டார் 2.0 வந்து இணையத்துக்கு வந்தது.

ஆனால் இங்கே பதிவாவது பத்திரம்தான், உரிமை இல்லை. விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லி, உரிமைக்கு ஆதாரம் கேட்ட பதிவு விதி ஒன்றை ரத்து செய்தது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப் பிரிவினை, நிலுவையில் உள்ள வழக்கு எதுவும் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று அச்சிட்டுக் கையில் கொடுத்த பிறகும் அந்த இன்டர்ன் வாரிசுச் சான்றை எடுத்து, அதில் உள்ள ஐந்து பெயர்களில் நான்கு பேர்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஐந்தாவது மகள் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.