இறப்பரும் அரிசியும்
(ஒரு சிறு நாடு ஒரு பெருநாட்டோடு செய்த வாணிபத்தின் வரலாறு)

பெரிய நாடும் சிறிய நாடும் ஒரே சந்தையில் எதிரெதிரே நிற்குமாயின், தராசு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லப் பேரறிவு வேண்டியதில்லை என்று பலரும் எண்ணுவர். தன் பொருளை மலிவாக விற்றுப் பிறர் பொருளை அதிக விலைக்கு வாங்குவதே சிறியவனின் தலையெழுத்து என்பது அவர் துணிபு. வரலாறும் பெரும்பாலும் அவர் பக்கமே சான்று பகர்கின்றது. ஆயினும் அவ்விதிக்கு விலக்காக நின்ற ஒரு நிகழ்ச்சி நமது நாட்டிலேயே நடந்தது. 1952 ஆம் ஆண்டில் இலங்கை சீனாவோடு செய்துகொண்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையே அது. அந்நாளில் சீனாவின் குடிசனத் தொகை ஏறத்தாழ 58 கோடி; இலங்கையினதோ ஏறத்தாழ 81 இலட்சம். இவ்விரு நாடுகளும் ஒன்றுக்கொன்று ஈடாக நின்று பேரம் பேசியது எவ்வாறு என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

இறப்பர் நம் நாட்டு மரம் அன்று. பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகள் 1876 ஆம் ஆண்டில் இலண்டன் நகரை அடுத்த கியூ பூங்காவில் முளைவிக்கப்பட்டு, அந்நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனையிலும் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடவிலும் அவை நடப்பட்டன. மோட்டார் வண்டி உலகெங்கும் பரவவே களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளின் காடுகளும் தரிசுகளும் இறப்பர்த் தோட்டங்களாயின. தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றையும் விற்று, உண்ணும் அரிசியில் பாதியளவை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாக இலங்கை உருவாயிற்று. விளைவிப்பதை உண்பதில்லை, உண்பதை முழுவதும் விளைவிப்பதில்லை என்னும் இந்நிலைமையே பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் வேராகும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 ஆம் ஆண்டு மலாயா யப்பானியர் வசமாயிற்று. நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் கொடுக்கக்கூடிய இடங்களில் இலங்கையே முதன்மை பெற்றது. இறப்பர் இல்லாமல் யுத்த வண்டி ஓடாது; விமானம் எழாது. அத்தகைய அரும்பொருள் கையில் இருந்தும் இலங்கை கேட்ட விலை கிடைத்ததா? இல்லை. அந்நாளில் இத்தீவு பிரித்தானியரின் குடியேற்ற நாடு. விலையை நிர்ணயித்தவர் வாங்கியவரே. மரங்களின் ஆயுளையும் பாராது, பட்டையெங்கும் வெட்டிப் பாலெடுக்கும்படி பணிக்கப்பட்டது. யுத்தம் முடிந்தபோது வெற்றி பிறர்க்கும், பட்டை உரிந்த மரங்கள் நமக்கும் ஆயின. பிறர்க்கு இன்றியமையாத பொருளை உடையவனாயிருந்தாலும், யாருக்கு விற்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாதவன் வணிகன் ஆகான். அவன் வெறும் களஞ்சியக் காவலனே.

1948 ஆம் ஆண்டில் நாடு சுதந்திரம் அடைந்தது. 1950 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கொறியா யுத்தம் மூளவே இறப்பர் விலை வானளாவ உயர்ந்தது. ஆனால் அவ்வுயர்வு நீடிக்கவில்லை. அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. சேமித்து வைப்பதற்காக வாங்கிய இயற்கை இறப்பரையும் குறைத்துக்கொண்டது. 1951 ஆம் ஆண்டிலேயே விலை சரியத் தொடங்கிற்று. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி அருமையாயிற்று. பர்மா, சீயம் முதலிய நாடுகளில் அதன் விலை ஏறிக்கொண்டே சென்றது. விற்கும் பொருளின் விலை விழ, வாங்கும் பொருளின் விலை எழ, இடையில் அகப்பட்டது பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கின் நிலைமையே. கூப்பன் அரிசியை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது ஏட்டுப் பொருளாதாரம் அன்று. அடுப்பில் உலை ஏறுமா என்ற கேள்வியாகும்.

சீனாவுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. கொறியா யுத்தத்தில் அந்நாடு ஈடுபட்டமையால், யுத்தத்துக்கு உதவும் பண்டங்களை அதற்கு விற்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்மானித்தது. அப்பண்டங்களுள் இறப்பரும் அடங்கும். மலாயாவின் வாயில் அடைபட்டது. இங்கே வரலாற்றின் வேடிக்கை ஒன்றைக் காண்க. இலங்கை ஐக்கிய நாடுகள் சபையிற் சேர விண்ணப்பித்தபோது, 1948 ஆம் ஆண்டிலேயே சோவியத் நாடு தன் தடையதிகாரத்தால் அதனை மறுத்திருந்தது. 1955 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலேதான் இலங்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. அன்று அவமதிப்பாகத் தோன்றிய அம்மறுப்பே 1952 இல் பயனாய் முடிந்தது. உறுப்பு நாடல்லாத இலங்கையை அத்தீர்மானம் கட்டுப்படுத்தவில்லை.

அப்போது பிரதமராயிருந்தவர் டட்லி சேனாநாயக்க. அவருடைய அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கைக்கு முற்றும் மாறானது; மேனாடுகளோடு நட்புக் கொண்டது. இலங்கை முதலில் அமெரிக்காவையே நாடி, இறப்பருக்கு நியாயமான விலையும் அரிசி பெறும் வழியும் கேட்டது. மனநிறைவான மறுமொழி கிடைக்கவில்லை. அதன்மேல் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனாநாயக்கவின் தலைமையில் ஒரு தூதுக்குழு 1952 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பீக்கிங் நகர் சென்றது. ஒக்டோபர் மாதத்தில் 80,000 தொன் அரிசிக்கு ஒப்பந்தமாயிற்று. டிசெம்பர் 18 ஆம் நாள் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும் என்பது அதன் சாரம். அந்த இறப்பர் நம் மொத்த உற்பத்தியிற் பாதியளவாகும். சீனா கொடுத்த விலையோ சிங்கப்பூர்ச் சந்தை விலையிலும் உயர்ந்தது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. பகை நாட்டுக்கு யுத்தப் பண்டம் விற்போர்க்கு உதவி இல்லை என்பது அமெரிக்கச் சட்டம். அமெரிக்காவின் பெரும் பொருளாதார உதவி 1956 ஆம் ஆண்டு வரை இலங்கைக்குக் கிட்டவில்லை. இறப்பர் மரங்களின் இலைநோயைத் தடுக்கத் தூவும் கந்தகத்தைத் தரவும் அந்நாடு மறுத்தது. எனினும் அரசாங்கம் உறுதி தளரவில்லை. கொள்கையிற் சீனாவுக்கு எதிரிடையாய் நின்றவரே சீனாவோடு வாணிபம் செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அவர்கள் எடைபோட்டது நாட்டின் பசியை.

உடன்படிக்கையின் புகழைப் பாடுவதோடு நின்றுவிட்டால் வரலாறு குறைப்பட்டுப்போம். இருள் சூழ்ந்த விடியற்காலையில் கத்தியும் வாளியும் ஏந்திப் பால் வெட்டச் சென்றவர் யார்? சிங்களக் கிராமத்தவரும், இந்திய வம்சாவளித் தமிழ்த் தொழிலாளருமே. அத்தமிழருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும், அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்திருந்தனர். நாட்டுக்கு அரிசி தேடித்தந்த கைகளுக்கு, அந்நாட்டின் தேர்தலில் ஓர் அடையாளமிடும் உரிமை இல்லை. நாட்டுக்கு வாய்த்த பேரம் பேசும் உரிமை, உழைத்தவனின் வாசல் வரை வந்து சேரவில்லை.

மற்றொன்றும் உளது. உடன்படிக்கை செய்து எட்டு மாதம் கழியுமுன்னரே, 1953 ஆம் ஆண்டு ஓகஸ்து 12 ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. அரிசி மானியத்தை அரசாங்கம் குறைத்தமையால், கொத்து 25 சதம் விற்ற பங்கீட்டரிசி 70 சதமாயிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர், உயிர்களும் பலியாயின, ஒக்டோபரில் பிரதமர் பதவி துறந்தார். அரிசிக் கப்பல் துறைமுகம் சேர்வது ஒன்று. அவ்வரிசி ஏழையின் பானை சேர்வது வேறொன்று. முன்னதை வாணிபம் செய்யும். பின்னதை அரசு செய்தல் வேண்டும்.

1957 ஆம் ஆண்டு பெப்ரவரியில் இரு நாடுகளும் இராசதந்திர உறவு பூண்டன. அவ்வாண்டில் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. யுத்தம் ஓய்ந்தமையால் சீனாவின் அவசரம் தணிந்தது. சந்தைக்கு மேற்பட்ட விலை நின்றது. அதற்கு ஈடாக, ஐந்தாண்டுகளில் 7½ கோடி ரூபா நன்கொடை தரச் சீனா இசைந்தது. அது இறப்பர் மீள்நடுகைக்கென வகுக்கப்பட்டது. யுத்தகாலத்தில் வதைபட்ட கிழமரங்களை அகற்றி, நல்லின மரங்களை வைக்க அப்பணம் துணை செய்தது. இன்று வந்த இலாபத்தை இன்றே உண்டு தீர்க்காது, முப்பதாண்டு பால் தரும் மரமாக மாற்றியது அறிவுடைமை. இவ்வாறு அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டு, உடன்படிக்கை 1982 ஆம் ஆண்டு வரை நிலவிற்று.

இன்று அத்தராசு வேறு விதமாய் நிற்கின்றது. நாம் சீனாவுக்கு விற்பதிலும் பல மடங்கு அங்கிருந்து வாங்குகின்றோம். அவர்கள் விற்பவை நமக்கு அன்றாடம் வேண்டியவை; நாம் விற்பவை இல்லாவிடினும் அவர்கள் வாழ்க்கை நடக்கும். 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வறண்டு, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வீதியில் வரிசை நின்றபோது, விற்க வேண்டியதை வளர்க்காத நாட்டின் நிலை யாதென்பதை நாம் அனைவரும் கண்கூடாகக் கண்டோம். பண்டமாற்றும் பழங்கதையாகிவிடவில்லை. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் அளவான பழங்கடனைத் தேயிலை அனுப்பித் தீர்ப்பதென 2021 ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை உடன்பட்டது.

ஆகவே இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பிறர்க்கு வேண்டிய பொருளொன்று நம் கையில் இருத்தல் வேண்டும். அதனை யாருக்கு விற்பதென்று நாமே தீர்மானிக்கும் சுதந்திரம் வேண்டும். காலம் வாய்த்தபோது பெற்ற ஊதியத்தை, காலம் மாறுமுன் நிலத்திலும் தொழிலிலும் கல்வியிலும் விதைத்துவிடல் வேண்டும். 1942 இல் நம்மிடம் முதலாவது மட்டும் இருந்தது, மரங்கள் அழிந்தன. 1952 இல் இரண்டாவதும் சேர்ந்தது, அரிசி வந்தது. மூன்றாவதை நாம் அரைகுறையாகவே செய்தோம். அதன் பலனை இன்று அனுபவிக்கின்றோம்.

பெரியோர் இவற்றிற் பலவற்றைக் கண்ணாற் கண்டவர்கள். கூப்பன் புத்தகத்தோடு வரிசையில் நின்றவர்கள். இளைஞர்கள் அவர்களை அணுகிக் கேட்டறிக. வயலிலும் பட்டறையிலும் ஆய்வுகூடத்திலும் நாளை நிற்கப்போகின்றவர்கள் நீங்களே. உலகம் நாடி வரும் பொருளொன்றைப் படைக்கும் ஆற்றலும், அதன் ஊதியம் உழைத்தவனின் வாசல் வரை சேரவேண்டும் என்னும் நீதியும் உங்களிடத்தே ஒருங்கு வளருமாயின், சிறிய நாடு என்பது நிலப்படத்தின் அளவையே குறிக்கும்; மக்களின் அளவைக் குறிக்காது.