ஸ்ரேர்ம்தால் ஆலயத்து ஓர்கனும் அதன் வாரிசுகளும்

கலைப்பொருள் ஒன்றின் வரலாறு பெரும்பாலும் அதனை ஆக்குவித்தவர், ஆக்கியவர், போற்றியவர் என்னும் மூவரின் பெயர்களோடு முடிந்துவிடுகிறது. அதற்கான செல்வம் திரண்ட முறையும், அதனை நாளாந்தம் இயங்கச் செய்த உழைப்பும் வரலாற்றுக்குப் புறம்பானவையாகக் கருதப்படுகின்றன. இந்நோக்கின் போதாமையைத் தெளிவுபடுத்தும் பொருட்டு, ஜேர்மனியின் சக்சனி மாநிலத்தில், லைப்சிக் நகருக்குத் தென்கிழக்கே அமைந்த ஸ்ரேர்ம்தால் என்னும் சிற்றூரின் லூதரன் ஆலயத்துக் குழாய் ஓர்கனை ஈண்டு ஆராய முற்படுகிறோம். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பிறந்ததும் சக்சனி ஆட்சிக்குட்பட்ட நிலத்திலேயே. எனினும் அவர் வழியாக நாம் அறிந்த லூதரன் மரபு அச்சையும் மொழிபெயர்ப்பையும் சார்ந்தது. அம்மரபின் இசைமுகம் நம்மவரால் அதிகம் கவனிக்கப்படவில்லை.

இந்த ஓர்கன் 1723 நவம்பர் 2ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதனைப் பரிசோதித்து ஏற்றவர், அவ்வாண்டு மே மாதத்தில் லைப்சிக்கிற் பதவியேற்ற யொஹான் செபஸ்ரியன் பாஹ். பாஹ் படைப்புகளின் பட்டியலில் 194ஆம் எண்ணைப் பெற்ற கன்ராட்டாவை அவர் அந்நாளில் அங்கு நிகழ்த்தினார். சமயச் சார்பான இவ்விசைக்கு அடிப்படையாக அமைந்தது, கேதன் அரசவையில் அவர் முன்னர் ஆக்கிய உலகியற் படைப்பொன்றாகும். அரசவை நடனங்களின் தாளக்கட்டுகள் அதில் இன்றும் கேட்கத்தக்கனவாயுள்ளன. அரண்மனையிற் பிறந்த இசை கிராமத்து ஆலயத்துள் புதிய சொற்களோடு நுழைந்தமை, அன்றைய ஜேர்மனியில் அரசவைப் பண்பாடும் திருச்சபைப் பண்பாடும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்குச் சான்றாகும்.

ஓர்கனுக்கான செலவை ஏற்றவர் அவ்வூர்ப் பண்ணைப்பிரபுவான ஸ்ரற்ஸ் ஹில்மோர் பொன் புல்லென். அக்காலச் சக்சனியில் இத்தகைய பிரபுக்கள் நிலவுடைமையாளராக மட்டும் இருக்கவில்லை. குடியானவரின் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும், ஆலயத்தின் புரவலர் என்ற முறையில் போதகரை முன்மொழியும் உரிமையும் அவர்களிடம் இருந்தன. குடியானவர்கள் உடலுழைப்பையும் வரிகளையும் பிரபுவுக்குச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். இக்கடமைகளை ஈடுசெலுத்தி நீக்கிக்கொள்ள வழிவகுத்த சட்டம் 1832இலேயே இயற்றப்பட்டது. ஆகவே, புரவலரின் கொடை எனப் போற்றப்படுவது, குடியானவரின் உபரியுழைப்பு ஒலிவடிவம் பெற்று அவர்களிடமே மீண்டதாகும். வாரந்தோறும் அவ்வொலியின் கீழ் அமர்ந்தவர்களுக்கு இறைவனின் மகிமையும் பிரபுவின் மகிமையும் ஒரே திசையிலிருந்து கேட்டன எனலாம்.

கருவியைச் சமைத்த ஸகரியாஸ் ஹில்டெபிரான்ட் 1688இல் சிலேசியாவிற் பிறந்த கைவினைஞர். 1713இல் பிறைபெர்க் நகரில் புகழ்பெற்ற ஓர்கன் ஆசான் கொற்பிரீட் சில்பெர்மானிடம் தொழில் பயிலச் சேர்ந்தபோது, ஆசானின் தொழில் எல்லைக்குள் போட்டியாகக் கருவி செய்வதில்லை என எழுத்தில் உடன்பட வேண்டியிருந்தது. பயின்ற தொழிலைச் சொந்தமாகச் செய்யப் புறப்பட்டபோது அதுவே இருவரிடையே வழக்காக முற்றியது. எனினும் 1746இல் நவும்பேர்க் நகரத்து வென்சல் ஆலயத்துக்காக ஹில்டெபிரான்ட் அமைத்த பேரோர்கனைப் பரிசோதித்தவர்கள் பாஹும் அதே சில்பெர்மானுமாவர். கைத்திறனும் சொத்தாகக் காவல் செய்யப்பட்ட காலம் அது.

இனி, பெயர் எஞ்சாத உழைப்பினை நோக்குவோம். ஸ்ரேர்ம்தால் ஓர்கன் ஒரு கைவிசைப்பலகையும் கால்விசைப்பலகையும் பதினான்கு குழாய்த் தொகுதிகளும் கொண்டது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள் காற்றின்றி ஒலியா. மின்விசிறி வருவதற்கு முன்னர், அக்காற்றை ஓர்கன்களுக்கு ஊட்டியவர்கள் துருத்தி மிதிப்போர். வாசிப்பவரின் விரல்கள் எத்துணை நுட்பமானவையாயினும், மிதிப்பவரின் கால் நின்றால் இசையும் நிற்கும். மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிந்து நிற்கும் சமுதாயத்தின் அமைப்பினை இத்துணைத் தெளிவாகத் தன் உடலிலேயே தாங்கும் கலைக்கருவி பிறிதொன்று அரிது.

இவ்வாறு கூறுவதனால் இவ்விசையை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என ஒதுக்கிவிடலாமா? அது கொச்சையான பொருள்முதல்வாதமாகும். கிரேக்கக் கலையை அதன் சமுதாயத்தோடு இணைத்து விளக்குவது கடினமன்று. அச்சமுதாயம் மறைந்த பின்னரும் அது நமக்கு இன்பம் தருவது ஏன் என்பதே கடினமான வினா என்று மார்க்ஸ் 1857இல் சுட்டிக்காட்டினார். ஸ்ரேர்ம்தாலுக்கும் இவ்வினா பொருந்தும். பிரபுக்களின் அதிகாரம் அழிந்தது. 1945இல் சோவியத் ஆட்சிப் பகுதியில் 100 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட பண்ணைகள் நட்டஈடின்றிப் பறிமுதலாயின. ஓர்கனோ பெரிதும் தன் மூலவடிவிலேயே எஞ்சியது.

ஆயின் அதன் வாரிசுரிமை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1937இல் தொடங்கப்பட்ட எஸ்பன்ஹைன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஜேர்மன் ஜனநாயகக் குடியரசுக் காலத்தில் இப்பகுதியின் நிலத்தைத் தோண்டி விரிந்தது. அண்டை ஊரான மக்டபோர்ன் 1977 முதல் 1980 வரையான காலத்தில் ஆலயத்தோடு முற்றாக அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்த 3,000க்கு மேற்பட்டோர் இடம்பெயர்க்கப்பட்டனர். உழைப்பாளரின் பெயரால் நடந்த அரசு, உழைப்பாளர் பரம்பரையாக வாழ்ந்த ஊரொன்றை எரிபொருளுக்காக அழித்தது. வேறு எரிபொருள் வளம் குன்றிய நாட்டின் நெருக்கடி இதற்குக் காரணம் என்பது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. முற்போக்கு ஆய்வாளர் பிரபுவின் கணக்கைப் பார்க்கும் அதே கண்ணால் இக்கணக்கையும் பார்த்தல் வேண்டும். அன்றேல் நமது விமர்சனம் பிறருக்கு மட்டும் உரிய அளவுகோலாகிவிடும்.

ஸ்ரேர்ம்தால் தப்பியது. சுரங்கம் 1996இல் மூடப்பட்டது. அதன் குழி நீர் நிரப்பப்பட்டு இவ்வூரின் பெயரையே தாங்கும் ஏரியாயிற்று. மக்டபோர்ன் ஆலயத்தை நினைவூட்டும் மிதக்கும் கட்டடமொன்று அந்நீரின்மேல் நிற்கிறது. ஓர்கன் 2008இல் சீரமைக்கப்பட்டது.

மரபு தானாகக் கைமாறுவதில்லை என்பதை இவ்விரு ஊர்களும் உணர்த்துகின்றன. ஓர் ஊரின் இசைக்கருவி நிலைப்பதற்கு, அதனைக் கேட்கும் மக்கள் அவ்வூரில் நிலைத்திருத்தல் வேண்டும். எனவே, கலைச்செல்வத்தின் உரிமை பற்றிய வினா, மக்கள் தம் நிலத்தில் வாழும் உரிமை பற்றிய வினாவிலிருந்து பிரிக்கத்தக்கதன்று. பண்பாட்டு வரலாற்றை எழுதுவோர் பாஹின் பெயரோடு துருத்தி மிதித்தோரையும், எஞ்சிய ஊரோடு அழிந்த ஊரையும் ஒருங்கே பதிவுசெய்தல் கடனாகும்.