எஸ். குணாளன்: கோல் அடிக்கப் போனவர் தற்காப்புக்கு வந்தது எப்படி?

திடலில் "நீ பின்னாடி நில்லு"ன்னு சொன்னா யாருக்கும் பிடிக்காது. ஆனால் தற்காப்புக்கு மாறியதால் உச்சத்தில் நிலைத்த ஒருவர் நம் நெகிரி செம்பிலானில் இருக்கிறார்.

யார் இவர்?

1986 செப்டம்பர் 15-இல் பிறந்தவர் எஸ். குணாளன். ரஹாங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பரோய் அரங்கம்தான் அவருடைய முதல் பெரிய மேடை. அப்போது அவர் வலது விங்கர், வேகம்தான் அடையாளம். 2009 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நெகிரி அணி கிளந்தானை 3-1 என வென்றது. 1948-க்குப் பிறகு கிடைத்த முதல் கிண்ணம் அது!

தேசிய அணியில்?

கே. ராஜகோபால் பயிற்சியில் 2010 சுசுகி கிண்ணத்தில் ஆடினார். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்ற அணி, இறுதியில் அதே இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வீழ்த்தியது. மலேசியா அக்கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை.

ஏன் பின்னால் போனார்?

சிலாங்கூருக்குப் பிறகு ஜொகூர் அணியான ஜே.டி.தி-க்குச் சென்றார். அங்கே முன்வரிசையில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு போட்டி. ஆனால் இன்றைய காற்பந்தில் ரைட் பேக் சும்மா நிற்பவர் இல்லை. எதிரணி விங்கரைத் தடுக்கணும்; பந்து கிடைத்தால் கோட்டோரம் ஓடி கிராஸ் கொடுக்கணும்; பந்து பறிபோனால் உடனே திரும்பி ஓடணும். வேகமான விங்கருக்கு இது பொருத்தமான இடம். தடுக்கும் நேரத்தையும் நிற்கும் இடத்தையும் மட்டும் புதிதாகக் கற்கணும்.

பலன் என்ன?

2014 முதல் சூப்பர் லீக்கைத் தொடர்ந்து வென்ற அணியில் இடம். 2015-இல் ஜே.டி.தி, தஜிகிஸ்தானின் இஸ்திக்லோலை 1-0 என வென்று, ஏ.எஃப்.சி கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசிய அணியானது. அந்த அணியிலும் குணாளன் இருந்தார்.

உங்களுக்கு இதில் என்ன?

இவருக்கு முன்பே, 1972 மூனிக் ஒலிம்பிக் சென்ற மலேசிய அணியின் தற்காப்பில் எம். சந்திரன் ஆடியிருக்கிறார். கோல் கணக்கில் தற்காப்பு ஆட்டக்காரரின் பெயர் வராது. ஆனால் சம்பள பாக்கி அடிக்கடி செய்தியாகும் நம் லீக்கில், இரண்டு இடங்களில் ஆடத் தெரிந்தவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். பயிற்றுநர் இடத்தை மாற்றினால், கோபப்படும் முன் காரணத்தைக் கேளுங்க.