துணைக்கு வந்தவரும் சிகிச்சைக்குள்ளே

கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலத்திலிருந்து ஆண்டிமடம் வழியாக ஜெயங்கொண்டம் போகும் சாலையில் உள்ள ஊர். அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குத் தாங்க முடியாத சங்கடம் வந்தால் கால்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடக்கும். அங்கே பிராது கட்டுவார்கள். மனக்குறையை வெள்ளைத் தாளில் எழுதி, சாமி முன் வைத்து எடுத்து, மடித்து, நூலால் சுற்றி முனியப்பர் சந்நிதியில் கட்டிவிடுவது வழக்கம். கடனும் களவும் சொத்துத் தகராறும் ஏறும் அந்தத் தாளில் தீராத நோயும் ஏறும். காரியம் கைகூடினால் திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

பிள்ளைக்கு வந்த குறையைக் குடும்பமே சுமந்து போய் முறையிடும் வழக்கம் இது. கோயிலைத் தாண்டி மனநல ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது நெடுங்காலம் அந்தக் குடும்பத்துக்கு இடம் கிடைக்கவில்லை. சென்னையில் 1794-ல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. நோயாளி உள்ளே, உறவு வெளியே என்பதுதான் அப்போதைய நடைமுறை.

அதை முதலில் மாற்றியது பற்றாக்குறை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகருக்கு நோயாளிகள் அதிகம், ஆட்கள் குறைவு. மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு, உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். கூட இருந்து பார்த்தவர்களுக்கு நோயைப் பற்றிய பயம் தெளிந்தது. வீட்டுக்குக் கூட்டிப்போகும் துணிவும் வந்தது.

தமிழ்நாட்டில் அந்த வழியை நிலைநிறுத்தியது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸின் முயற்சியில், 1957-ல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவராவது கூடத் தங்க வேண்டும் என்பது அங்கே விதி. மாத்திரை எதற்கு, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று துணைக்கு வந்தவருக்கும் பாடம் நடந்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான அதன் பிரிவு ‘நம்பிக்கை நிலையம்’. சட்டைப் பொத்தானைப் போடுவது, தானே சோறு எடுத்து உண்பது, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டுவது: இவற்றைப் பிள்ளைக்குப் பழக்க வேண்டியவர் அம்மா, அம்மாவைப் பழக்குவது மருத்துவக் குழு. பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்து 10 வாரம் பேசிப் பழக்கியதில் பிள்ளையை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறியது என்று வேலூர் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 1999-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது.

எனினும் விருத்தாசலம் பக்கத்துத் தாய்க்கு வேலூர் தூரம். விழுப்புரம் போய், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் ரயிலைப் பிடித்து, வேலூர் கன்டோன்மென்டில் இறங்க வேண்டும். வாரக்கணக்கில் தங்கினால் கூலி போகும். வீட்டிலிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு யார் சோறு போடுவது? இந்தக் கேள்விக்கு விடை இல்லாததால் வராமலே போன குடும்பங்களைத்தான் இந்த வரலாற்றில் அதிகம் நினைக்க வேண்டியிருக்கிறது.

சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் இன்னும் இளவயதுக்குப் போனது. அதன் ‘உபநயன்’ பயிற்சி இரண்டு வயதுக்குள் வரவேண்டிய 250 திறன்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தது. தலை நிற்பதிலிருந்து தொடங்கும் அந்தப் படிகளைத் தாய் அருகிலிருந்து கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வார்.

2013-ல் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தபின் பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிப்பதும், மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைப்பதும் அரசின் பொறுப்பாயின. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களிலிருந்து சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும், பள்ளிக்கு வரவே இயலாத பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறார்கள். திண்ணையில் பாயை விரித்துப் பிள்ளையின் முழங்காலை மெல்ல நீட்டி மடக்கிக் காட்டிவிட்டு, அடுத்த முறையை அம்மாவையே செய்யச் சொல்வார்கள். அவர்கள் வராத நாட்களில் அந்தக் கால்களுக்கு அவர்தான் பொறுப்பு.